சின்னவள் ஏன் குரைக்கிறாள்

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன் என்பதால் சமாதானம் பேச வருகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது புகார்க் கடிதம்.

சனிக்கிழமை மத்தியானம் உன் அண்ணன் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஊரில் இருக்கும் லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்கிற மனுஷன், நான்கு மாடியும் படியேறி வந்து மூச்சு வாங்கினார். கூண்டு எங்கள் லிஃப்டுக்குள் நுழையவில்லையாம். என்ன இது என்று கேட்டால், "நம்ம பாப்பாகூட ரூம்ல தங்கியிருக்கற பொண்ணுக்குத் தும்மல் நிக்கலையாம். இதுங்க திங்கற காய்ஞ்ச புல்லு ஒத்துக்கல. நாலு மாசம்தானே" என்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ மலையில் சுரங்கப்பாதை தோண்டுகிற இடத்தில் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே போன் எடுக்காது, வாரம் ஒரு முறை சாமான் லாரியில்தான் தபால் போகும் என்றார். அதனால் இந்தக் காகிதம்.

வீட்டில் வேறு இடம் இல்லாததால் நான் பல் செட் செய்யும் மேசையில் பாதியைக் கூண்டு பிடித்துக்கொண்டுவிட்டது. உள்ளே இரண்டு உருப்படி. எலி என்றால் அணில் போல உட்காருகிறது, அணில் என்றால் எலி போல ஓடுகிறது. வால் நுனியில் மட்டும் பெயிண்ட் பிரஷ் மாதிரி மயிர். டேகு என்று உன் அண்ணன் சொல்லித்தான் பேர் தெரியும்.

நான் பதினாறு வருடமாகப் பல் செய்கிறவள். முப்பது வருடம் சிகரெட் பிடித்த வாய்க்கும் நிறம் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் முன்பல் ஆரஞ்சு. என் நிற அட்டையில் அப்படி ஒரு நிறமே கிடையாது. இது என்ன நோய்?

அப்புறம் சத்தம். காலையில் நான் லைட்டைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போலக் கீச்சுக்கீச்சென்று ஆரம்பிக்கின்றன. குக்கர் விசில் அடித்தால் பதில் விசில் அடித்துவிட்டுச் சிலை மாதிரி நிற்கின்றன. சில நேரம் பல்லை அரைக்கின்றன. எது பசி, எது கோபம், எது நோய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் எழுது. என் வீட்டில் ஒரு உயிர் என்ன கேட்கிறது என்று தெரியாமல் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

அண்ணி

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணி,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உடனே பிரிக்கவில்லை. காலில் கல் விழுந்து வந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, கை கழுவிவிட்டு, அப்புறம்தான் பிரித்தேன்.

கேட்காமல் அனுப்பியது தப்பு. அந்தப் பெண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கிளம்பினேன். அவளுக்குத் தும்மல் வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால், டேகுகளைப் பற்றி எனக்கும் அதிகம் தெரியாது. விலங்குக் காப்பகத்திலிருந்து அவற்றை எடுத்துப் பன்னிரண்டே நாளில் இந்த வேலை உத்தரவு வந்துவிட்டது. காப்பகத்து அம்மா கையால் எழுதிக் கொடுத்த ஒரு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆரஞ்சுப் பல் நோய் இல்லை அண்ணி, அதுதான் ஆரோக்கியம். வெளுத்தால்தான் பயப்பட வேண்டும். காலையில் கேட்கும் கீச்சு, விசாரிப்பு. ஒன்றை ஒன்று நலம் கேட்கின்றன. கூண்டுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது அப்படிச் செய்தால் உங்களையும் சேர்த்துத்தான். குக்கருக்கு அடிக்கும் விசில் ஆபத்து அறிவிப்பு. பருந்து வந்துவிட்டது என்று நினைக்கின்றன. அப்போது கிட்டே போகாமல், எட்ட நின்று மெதுவாகப் பேசினால் அடங்கிவிடும். பல்லை மெல்ல அரைத்துக்கொண்டு கண் சொருகினால் சுகம். மயிர் சிலிர்த்து, வாலை ஆட்டிக்கொண்டு கடகடவென்று அரைத்தால் கோபம். பின்காலில் நின்று ஒன்றை ஒன்று கையால் தள்ளுவது பெரும்பாலும் விளையாட்டு. காப்பகத்து அம்மா ஒன்று சொன்னார்: "சத்தத்தை மட்டும் கேக்காதீங்க, அப்ப உடம்பு என்ன பண்ணுதுன்னு பாருங்க."

பழம், பிஸ்கட், திராட்சை எதுவும் கொடுக்கக் கூடாது. சர்க்கரை வியாதி வந்துவிடும். அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு கிண்ணத்தில் மணல் வையுங்கள், அதில் புரண்டுதான் குளிக்கும். மிக முக்கியம், வாலைப் பிடிக்கவே கூடாது.

இரண்டும் பெண். பருத்தது பெரியவள், காதில் ஓட்டை இருப்பது சின்னவள்.

இதற்குக் கீழே ஒரு பாரா எழுதினேன். அடித்துவிட்டேன். கறுப்பாகத் தெரிவது அதுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 26

நாத்தனாருக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வாலைப் பற்றி மிக முக்கியம் என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாய். வால் போனது அதற்குப் பத்து நாள் முன்பே.

தண்ணீர் மாற்றும்போது பெரியவள் வெளியே குதித்துவிட்டாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழையப் போனாள். உள்ளே போனால் எடுக்க முடியாது என்று எட்டிப் பிடித்தேன். கையில் சிக்கியது வால். அவள் போய்விட்டாள், வாலின் தோல் மட்டும் உறை கழன்ற மாதிரி என் விரலில் இருந்தது. அவள் கத்தக்கூட இல்லை.

உன் அண்ணன் தானே செய்ததாக உனக்கு எழுதுகிறேன் என்றார். நான் விடவில்லை. செய்தது நான். மிருக டாக்டர், எதிரியிடமிருந்து தப்பிக்க அதற்கு இயற்கை கொடுத்த வழி அது என்று சொல்லி, மிஞ்சிய எலும்பை வெட்டிக் கட்டினார். புண் ஆறிவிட்டது. இனி பிரஷ் கிடையாது, கட்டைதான். அன்று முழுக்க நான் ஒரு பல்லும் செய்யவில்லை. சாயங்காலம் பெரியவள் கம்பிக்கு அருகில் வந்து என் விரலை மோந்து பார்த்துவிட்டு அந்த ரேடியோச் சத்தம் போட்டாள். மன்னித்தாளா, மறந்தாளா என்று உன் நோட்டில் இருக்கிறதா பார்.

இப்போது வேறு கவலை. செவ்வாய்க்கிழமை காலையில் சின்னவள் மேல் தட்டில் ஏறி நின்று குரைத்தாள். பொய் இல்லை, குரைப்புதான். சாவி கொடுத்த நாய் பொம்மை மாதிரி, ஒரே சுருதியில், நாற்பது நிமிஷம். உடம்பு என்ன பண்ணுகிறது என்று பார்த்தேன். ஒன்றும் பண்ணவில்லை. எங்கேயோ பார்த்தபடி நிற்கிறாள், குரைக்கிறாள். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மேலே வந்து நாய் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். டாக்டர் ஊரில் இல்லை. இது வலியா? பெரியவளின் வாலுக்காகத் துக்கமா? உடனே எழுது.

அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணி,

வாலுக்காக நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் போயிருந்தால் உயிரே போயிருக்கும். எச்சரிக்கையை முதலிலேயே எழுதி அனுப்பாதது நான்.

குரைப்பைப் பற்றி நோட்டில் தேடினேன். கடைசிப் பக்கத்தில், பென்சிலில் இருந்தது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மருந்து வாங்க வந்த, பாறை துளைக்கிற டிரில்லர் பயந்து திரும்பிப் போய்விட்டார்.

அண்ணி, சின்னவள் அவள் இல்லை. அவன். அப்படி விடாமல் குரைப்பது ஆண் டேகு மட்டும்தான், அதுவும் ஜோடி சேர்ந்த பிறகுதான். காப்பகத்தில் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள். டேகுவில் ஆண் பெண் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் பெரியவள் கர்ப்பமாக இருக்கலாம். மூன்று மாதம். மே கடைசி என்று கணக்கு வருகிறது. அதற்கு முன்னால் சின்னவளை (வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை) பக்கத்திலேயே வேறு கூண்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி போட்ட அன்றைக்கே திரும்பவும் கர்ப்பமாகிவிடுவாள். ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கவும் கேட்கவும் முடிய வேண்டும்.

அண்ணி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களுக்கு இது சிரமமாக இருக்குமானால் சொல்லுங்கள். காப்பகத்து அம்மாவுக்கு எழுதி, வந்து எடுத்துப்போகச் சொல்கிறேன். நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் நாத்தனார்

மார்ச் 18

என்ன சிரமம்? அதை எழுத உனக்குக் கை வரவில்லையா? நான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அடிவயிற்றில் வலி. உன் அண்ணன் ஏதோ ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் எடுக்கவில்லை. நம் குடும்பத்திலேயே ஒரு நர்ஸ் இருக்கிறாளே என்று உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வாயுவா இருக்கும் அண்ணி. இடது பக்கமா கொஞ்சம் படுங்க." நான் படுத்தேன். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கட்டில் கால்மாட்டில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஒரு டேகு ஏன் குரைக்கிறது என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து எழுதுகிறாய். நல்லது.

பெரியவள் இங்கேதான் இருப்பாள். யாரும் வந்து எடுத்துப்போக வேண்டாம்.

மார்ச் 30

அண்ணி,

ஞாபகம் இருக்கிறது. அந்த வாக்கியம் ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது.

அன்று வார்டில் நான் ஒருத்திதான். ஒரு கையில் டிரிப் பாட்டில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். நீங்கள் சொன்ன வார்த்தையைக் கேட்டேன். குரலைக் கேட்கவில்லை. இல்லை, அதுவும் பொய். குரலில் ஏதோ இருந்தது. அதைக் கேட்டால் நான் வார்டை விட்டு ஓடி வர வேண்டியிருக்கும் என்பதால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இதுதான் நான் முதல் கடிதத்தில் அடித்த பாரா.

கால்மாட்டில் நின்றபோது மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டு போய்விட்டேன். அதற்கப்புறம் ஒரு வருடம் வார்டில் யார் வயிற்றுவலி என்று சொன்னாலும் மூன்று தடவை கேட்பேன். டாக்டர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். டேகுகளை எடுத்ததுகூட, பேசாத ஒன்றிடம் உட்கார்ந்து கேட்கப் பழகலாம் என்றுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். பெரியவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15

பாப்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். நடுவில் ஒரு காரியம் நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பகலில் மேசையில் உட்கார்ந்து மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெரியவள் பல் அரைக்கிற சத்தம். மெல்ல அரைத்தால் சுகம் என்று நீ எழுதியிருந்தாய். மெல்லத்தான் அரைத்தாள். ஆனால் கண் சொருகவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே சத்தம் தட்டுத் தடுமாறியது, சக்கரத்தில் மண் விழுந்த மாதிரி. உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தூக்கமா இருக்கும்" என்றார்.

ஒண்ணுமில்ல என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல், அவளை ஒரு டப்பாவில் புல்லோடு வைத்து, பஸ் பிடித்து டாக்டரிடம் போனேன். சும்மா இருக்கும் உயிரை ஏன் தூக்கி வந்தீர்கள் என்று அவர் முகத்தில் இருந்தது. சத்தத்தைச் செய்து காட்டினேன். வெயிட்டிங் ஹாலில் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் என்னையே பார்த்தார்கள்.

வாயைத் திறந்து பார்த்தால் மேல் முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. கம்பியைக் கடித்திருப்பாள். எதிர்ப்பல் தேயாமல் வளர்ந்து உதட்டின் உள்பக்கத்தைக் குத்திக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சாப்பாட்டை நிறுத்தியிருப்பாள், குட்டிகளும் போயிருக்கும் என்றார் டாக்டர். ராவ வேண்டும். அவரிடம் இருந்த ராவுகிற முனை தடிமன். வயிற்றில் குட்டி இருப்பதால் மயக்க மருந்து கொடுக்கவும் தயங்கினார். என் கைப்பையில் வேலைக்காக வாங்கிய மெல்லிய முனை ஒன்று இருந்தது. கொடுங்கள், நான் செய்கிறேன் என்றேன். அவர் துண்டில் சுற்றிப் பிடித்தார், நான் ராவினேன். பதினாறு வருடத்தில் உயிருள்ள வாயில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

வரும்போது பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் பிழைத்ததற்கு மட்டும் இல்லை.

பாப்பா, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில், நீ வருவதற்கு முன்னாலேயே, பெரிய டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு அதற்கு முந்தின நாளே நின்றிருக்கிறது. காலையிலேயே வந்திருந்தாலும், அவர்களே பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. எனக்கு அது தெரியும். நீ கால்மாட்டில் நின்றபோதே தெரியும்.

தெரிந்தும் சொல்லவில்லை. யார் மேலேயாவது கோபப்பட முடிந்ததால்தான் அந்த நாட்களைத் தாண்டினேன். உன் அண்ணன் மேல் பட முடியவில்லை, அவர் என்னைவிட அதிகம் உடைந்திருந்தார். நீ கிடைத்தாய். அப்புறம் நாளாக நாளாகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. சொன்னால், அதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே.

நீ என் குரலைக் கேட்காதது நிஜம். அதற்கு நான் கோபப்பட்டதும் நியாயம். ஆனால் குழந்தை போனது உன்னால் இல்லை. எப்போதும் இல்லை. இதை இரண்டு வருடம் உன்னிடமிருந்து பிடித்து வைத்தது என் தப்பு.

அண்ணி

ஏப்ரல் 27

அண்ணி,

கடிதத்தை மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பக்கத்தை மூன்று தடவை.

முதலில் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இரண்டு வருடம் அண்ணி. நான் வேலையை விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். நேற்று முழுக்க உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன், உங்கள் பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

அப்புறம் தூங்கினேன். காலையில் சமையல்காரர் வந்து கதவைத் தட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்கிற வரைக்கும் தூங்கினேன். எப்போது கடைசியாக அப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்து முகம் கழுவும்போது, தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், நிஜமாகவே வலி இல்லை.

நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னீர்கள். அது போதும் எனக்கு.

பெரியவளுக்குப் பல் ராவியதை அண்ணனிடம் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்? சின்னவளை மாற்றிவிட்டீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள். இங்கே எனக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை.

பாப்பா

மே 27

பாப்பா,

ஐந்து.

நேற்றுக் காலை பத்தே கால் மணிக்கு ஆரம்பித்து பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. நான் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் லீவு போட்டிருந்தார். லிஃப்ட் கம்பெனியில் என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வெளியே வரும்போதே கண் திறந்து, மயிரோடு, ஒரு நிமிஷத்தில் நடக்கப் பார்க்கிறது. மூன்றாவது கொஞ்ச நேரம் அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்பிக்குக் கிட்டே குனிந்தோம். பெரியவள் நக்கினாள், புரட்டினாள், திரும்ப நக்கினாள். அது ஊசி நுழைகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. உன் அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் என் தோளில் முகத்தை வைத்தார்.

சின்னவள் பத்து நாளாகப் பக்கத்துக் கூண்டில். வலைக்கு அந்தப் பக்கம் இருந்தே நலம் விசாரித்துக்கொண்டே இருக்கிறான். குரைக்கவில்லை, நல்லவேளை. மருந்துக்கடைக்காரர் இன்று மேலே வந்து பார்த்துவிட்டு, இதுதான் அந்த நாயா என்று கேட்டார்.

உன் நோட்டில் எழுதிக்கொள்ள ஒரு சத்தம் சொல்கிறேன். பால் கொடுக்கும்போது பெரியவள் தொண்டைக்குள்ளேயே ஒன்று சொல்கிறாள். மூன்று அடி தள்ளி நின்றால் கேட்காது. கம்பியில் காதை வைத்தால்தான் கேட்கும். நான் முழங்காலில் நின்று கேட்டேன். உன் அண்ணனையும் கூப்பிட்டு வைத்தேன். அர்த்தம் கேட்காதே. தெரியாது. ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி நீ மலையிலிருந்து இறங்குவதாக அவர் சொன்னார். அறைக்குப் போகாதே, நேராக இங்கே வா. உள் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. குட்டிகளில் இரண்டைக் காப்பகத்து அம்மா கேட்டிருக்கிறார், மற்ற மூன்றும் உன் பாடு.

குட்டிகளுக்கு என்ன பேர் வைப்பது என்று இன்று காலை பேச்சு வந்தது. உன் அண்ணன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிறக்க வேண்டியதற்கு ஒரு பேர் வைத்திருந்தோம் பாப்பா. இந்த இரண்டு வருடத்தில் அவரும் நானும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குட்டிக்கு வைக்க வேண்டாம், அது அதனுடைய பேராகவே இருக்கட்டும் என்றேன். சரி என்றார். ஆனால் அதன் அத்தையான உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. கடிதத்தில் எழுத மாட்டேன். நீ வந்து கை கால் கழுவி உட்கார்ந்த பிறகு, நேரில் சொல்கிறேன்.

அண்ணி